சோங்க்ரானுக்கு அம்மா வருவாங்க

வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "சம்பளம் எவ்வளவு?" என்பது முதல் கேள்வி. "எங்கெங்கே சுத்திப் பார்த்தீங்க?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். இரண்டாவது கேள்விக்குத்தான் ரொம்ப நாள் என்னிடம் பதில் இல்லை.

நான் தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியை. தாய்லாந்து என்றவுடன் கடற்கரை, தீவு, பாங்காக் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். நான் இருப்பது நாட்டின் வடகிழக்கில், புரிராம் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் நெல் வயல்கள். பாங்காக்கிலிருந்து புரிராமுக்கு ரயிலில் ஆறேழு மணி நேரம். 'புரி', 'ரம்யம்' என்ற நமக்குத் தெரிந்த சொற்கள்தான் அந்தப் பெயரில் இருக்கின்றன. இனிமையான ஊர் என்று பொருள். ஆசிரியரை இங்கே 'க்ரூ' என்பார்கள். அது நம் 'குரு'தான்.

சிவகாசியில் என் கணவர் நோட்டுப் புத்தக பைண்டிங் யூனிட் வைத்திருந்தார். 2020 லாக்டவுனில் பள்ளிகளை மூடினார்கள். பள்ளி இல்லையென்றால் நோட்டு எதற்கு? அடுத்த வருஷமும் அதே கதை. நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். கடன் மட்டும் பாதியாகவில்லை. என்னோடு பி.எட் படித்த தோழி ஒருத்தி ஏற்கெனவே தாய்லாந்தில் இருந்தாள். அவள் வழிகாட்ட, 2022 நவம்பரில் நானும் கிளம்பினேன்.

அப்போது என் மகள் பத்தாம் வகுப்பு. வீட்டில் அவளைப் பாப்பா என்போம். பெட்டி கட்டும்போது கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "மார்ச்சுல அங்க பெரிய லீவு விட்ருவாங்க பாப்பா. உன் பப்ளிக் எக்ஸாமுக்கு அம்மா பக்கத்துல இருப்பேன்" என்றேன். "பிராமிஸா?" என்று கையை நீட்டினாள். நானும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. தாய்லாந்தில் பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்கும். அக்டோபரில் மூன்று வாரம் விடுமுறை. நவம்பரில் இரண்டாம் பருவம் ஆரம்பித்து மார்ச்சில் தேர்வுகள் முடியும். அதன் பிறகு மே நடுவரை பெரிய விடுமுறை. இடையிடையே புத்த பௌர்ணமிகள், மன்னர் குடும்பத்துப் பிறந்த நாள்கள், ஜனவரி 16 ஆசிரியர் தினம் என்று லீவு வந்துகொண்டே இருக்கும். ஆசிரியர் அறையில் எப்போதும் பயணப் பேச்சுதான். ஒருவர் சியாங் மாய் போவார். இன்னொருவர் நாங் காய் வழியாக லாவோஸ் போவார். திங்கள்கிழமை வந்து போட்டோ காட்டுவார்கள்.

நான் அந்த நாள்களில் டியூஷன் எடுப்பேன். மிச்ச நேரத்தில் துணி துவைப்பேன். தெருமுனையில் காசு போட்டால் ஓடும் வாஷிங் மெஷின்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு தடவைக்கு 30 பாட். நம் காசுக்கு எழுபது ரூபாய் ஆகுமே என்று பக்கெட்டிலேயே துவைத்துவிடுவேன். இப்படி மிச்சம் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மார்ச் வந்தது. ஒப்பந்தத்தில் நான் சரியாகக் கவனிக்காத ஒரு வரி இருந்தது. சம்பளம் வருடத்துக்குப் பத்து மாதம்தான். பெரிய விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. (இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பன்னிரண்டு மாதச் சம்பளம் தரும் பள்ளிகளும் இருக்கின்றன.) அதே நேரத்தில் பள்ளியில் கோடைக்கால ஆங்கில முகாம் நடத்தப்போவதாகச் சொன்னார்கள். அதற்குத் தனிப் பணம். விமான டிக்கெட் செலவும் மிச்சம். சிவகாசியில் வட்டி கட்ட வேண்டிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ராத்திரி தூங்காமல் யோசித்துவிட்டு முகாமுக்குச் சம்மதித்தேன்.

பாப்பாவிடம் போனில் சொன்னேன். அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

2023 ஏப்ரல் 6-ம் தேதி அவளுக்குத் தமிழ்த் தேர்வு. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே பதினொன்றரை. அந்த நேரத்தில் நான் யார் யாரோ பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து, கைதட்டி, ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் போன் செய்தால் மாமியார்தான் எடுத்தார். "படிச்சிட்டு இருக்கா தாயி." மறுநாளும் "படிச்சிட்டு இருக்கா." கடைசித் தேர்வு முடிந்த அன்றும் "படிச்சிட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டு, அத்தையே தர்மசங்கடமாகச் சிரித்தார்.

இடையில் சோங்க்ரான் வந்துபோனது. தாய்லாந்தின் புத்தாண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை. 'சங்கராந்தி' என்ற சொல்தான் இங்கே சோங்க்ரான். நம் சித்திரை முதல் நாளும் இதற்குள்தான் வரும். டி.வி-யில் நாம் பார்ப்பது தெருவெல்லாம் தண்ணீர் பீய்ச்சும் கொண்டாட்டம். எங்கள் மாகாணத்தில் அதற்கு வேறொரு முகம் உண்டு. இந்தப் பக்கத்து அப்பா அம்மாக்கள் நிறைய பேர் பாங்காக்கிலும் கிழக்குக் கடற்கரைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் பாட்டி தாத்தாவிடம் வளர்கிறார்கள். அந்த அப்பா அம்மாக்கள் ஊருக்கு வருவது சோங்க்ரானுக்குத்தான். நம் ஊரில் தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேடு அப்போதெல்லாம் எப்படி இருந்ததோ அப்படி. ரயில் டிக்கெட் வெகு முன்னாடியே தீர்ந்துவிடும். சாலை விபத்துகள் அதிகம் என்பதால் அந்த வாரத்தை 'ஏழு அபாய நாள்கள்' என்றே அரசாங்கம் பெயர் வைத்து எச்சரிக்கும்.

என் வீட்டுக்கார அம்மாவின் மகளும் பாங்காக்கிலிருந்து வந்திருந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே சிரிப்பும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டபடி இருந்தன.

மே மாதம் ரிசல்ட். பாப்பா நல்ல மார்க். வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதோடு ஒரு வார்த்தை இல்லை.

புதுப் பள்ளி ஆண்டில் எனக்கு மூன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். ஆகஸ்ட் மாதம் ஒருநாள் பயிற்சித்தாள் கொடுத்திருந்தேன். 'வென் டூ யூ சீ யுவர் மதர்?' என்று ஒரு கேள்வி. நேரத்தைக் குறிக்கும் சொற்களைப் பழக்குவதற்காக நானே எழுதியது. 'எவ்ரி டே', 'எவ்ரி மார்னிங்' என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் கோடிட்ட இடத்தில் 'சோங்க்ரான்' என்று எழுதியிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவால் அதற்கு முன்னால் 'அட்' என்று சேர்த்துவிட்டு, பாதி மார்க் போட்டு, அடுத்த தாளை எடுத்தேன். இரண்டு தாள் தள்ளித்தான் எனக்கு உறைத்தது. மறுபடி அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். வருஷத்தில் ஒரே ஒரு தடவை அம்மாவைப் பார்க்கும் பிள்ளை, அதை ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கிறாள். நான் இலக்கணம் திருத்தியிருக்கிறேன்.

என் மகளிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் என்ன எழுதுவாள் என்று யோசித்தேன். அவளுக்கு எழுத ஒரு சோங்க்ரான்கூட இல்லை.

அதே வாரம் அன்னையர் தினம். தாய்லாந்தில் அது ஆகஸ்ட் 12, அப்போது ராஜமாதாவாக இருந்த சிரிகிட் அவர்களின் பிறந்த நாள். அன்னையர் தினத்துக்கு இங்கே அடையாளம் மல்லிகைப்பூ. அந்த வருடம் 12-ம் தேதி சனிக்கிழமை என்பதால் பள்ளியில் முதல் நாளே விழா வைத்தார்கள். அம்மாக்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைப்பார்கள். பிள்ளைகள் மண்டியிட்டு வந்து, மல்லிகைச் சரத்தைக் கொடுத்து, அம்மாவின் மடியில் தலை வைத்துக் கும்பிடுவார்கள். முரட்டுப் பையன்கள்கூட அழுதுவிடுவார்கள்.

அந்தச் சிறுமிக்குப் பாட்டி வந்திருந்தார். பாட்டியைக் கும்பிட்டு முடித்ததும், கையில் இன்னொரு சரத்தோடு என்னைத் தேடி வந்தாள். 'க்ரூ' என்று என் மணிக்கட்டில் சுற்றிவிட்டு ஓடிவிட்டாள். மல்லிகை வாசம் பட்டதும் சிவகாசி வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. ஆசிரியர் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தவர் எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் ஆசிரியை. பன்னிரண்டு வருஷமாக வெளிநாட்டில் இருப்பவர். "செப்டம்பர் 9 சனிக்கிழமை. டியூஷனுக்கு லீவு சொல்லு. ஒரு இடத்துக்குப் போறோம்" என்றார். அவர் என்னைக் கூட்டிப்போன இடம் பனோம் ருங்.

புரிராமில் இருந்துகொண்டே பத்து மாதமாக நான் பார்க்காத இடம் அது. அணைந்துபோன எரிமலை ஒன்றின் உச்சியில், கெமர் அரசர்கள் காலத்தில் கட்டிய சிவன் கோயில். பத்தாம் நூற்றாண்டில் தொடங்கி பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை கட்டியிருக்கிறார்கள். வாசலுக்கு மேலே கல்லில் ஆடுகிறார் நடராஜர். அதற்குக் கீழே பள்ளிகொண்ட பெருமாள். கோயிலுக்குப் பதினைந்து வாசல்கள், ஒரே நேர்கோட்டில். வருடத்தில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாவது வாரத்திலும் சில நாள்கள் மட்டும், உதிக்கும் சூரியன் பதினைந்து வாசல்களுக்குள்ளும் நேராகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் இருட்டோடு இருட்டாக மலை ஏறினோம்.

மழைக்காலம் அல்லவா, மேகம் மூடிக்கொண்டது. சூரியன் வரவே இல்லை.

படியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபியைக் குடிக்கும்போது அவர் சொன்னார். "நான் கிளம்பும்போது என் சின்னப் பையனுக்கு ரெண்டு வயசு. இப்ப என்னைவிட உயரம். எப்ப வளர்ந்தான்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு லீவையும் நான் பணமா மாத்தினேன். பணம் நல்ல விதமாத்தான் செலவாச்சு, அதுல வருத்தம் இல்ல. ஆனா அந்த லீவை இப்ப எந்தப் பணத்தை வெச்சும் வாங்க முடியல."

அன்று மாலையே அக்டோபர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டேன்.

ஊருக்குப் போக எனக்கு எவ்வளவு பழக்கமில்லை என்பதற்கு ஒரு உதாரணம். கிளம்பும் முதல் நாள் அதே பிலிப்பைன்ஸ் தோழி, "ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கிட்டியா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாய்லாந்தில் வேலைக்கான அனுமதியோடு தங்கியிருப்பவர்கள், திரும்பி வருவதற்கான அனுமதியை வாங்காமல் நாட்டை விட்டு வெளியே போனால், கையிலிருக்கும் விசா அனுமதி ரத்தாகிவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தடவைக்கு 1,000 பாட். பல தடவை போய்வர 3,800 பாட். நல்லவேளை, பாங்காக் விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கவுன்ட்டர் இருந்தது. வரிசையில் நிற்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்வர ஒரு முத்திரை வேண்டும் என்பதே பதினோரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் பாப்பா வெளியே வந்தாள். அரை அடி வளர்ந்திருந்தாள். முடியை வேறு மாதிரி வாரியிருந்தாள்.

"வாங்கம்மா" என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்று பேசிய பிள்ளை. அம்மாவை யாராவது வாங்க போங்க என்பார்களா? அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பெட்டியைத் தூக்கவே தெம்பில்லாமல் போய்விட்டது.

மூன்று வாரமும் அப்படித்தான். "சாப்பிடுங்க." "உங்க போன் அடிக்குது." "நான் டியூஷன் போயிட்டு வரேன்." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அத்தை எனக்கு வாழை இலை போட்டுப் பரிமாறினார். என் வீட்டில் நான் விருந்தாளி. ஆயுத பூஜைக்கு என் கணவர் பழைய கட்டிங் மெஷினுக்குச் சந்தனம் வைக்கும்போது, பொரிகடலைத் தட்டை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பாப்பாதான் எடுத்து வந்தாள்.

திரும்பும் அன்று அவரிடம் சொன்னேன். "ஏப்ரல்ல நான் கேம்ப் எடுக்கல. பாப்பாவும் அத்தையும் அங்க வரட்டும். செலவைப் பார்க்காதீங்க. அசல்ல ஒரு மாசம் பிந்தினா பிந்தட்டும்." அவர் மறுபேச்சு பேசவில்லை. அத்தைதான், "எனக்கெதுக்குத்தா பிளேனு? இந்த முட்டியை வெச்சிக்கிட்டு..." என்று இழுத்தார். ஆனால் அடுத்த வாரமே பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

நல்ல நேரம், இந்தியர்கள் விசா இல்லாமலேயே 30 நாள் தங்க தாய்லாந்து அந்த நவம்பரிலிருந்து அனுமதித்தது. 2024 மார்ச் 25-ல் பாப்பாவுக்கு ப்ளஸ் ஒன் தேர்வுகள் முடிந்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் இருவரும் பாங்காக் வந்து இறங்கினார்கள். அத்தையின் பெட்டியில் பாதி இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வடகம். ஒரு சின்னப் பொட்டலத்தில் காய்ந்த வேப்பம்பூ. "வருசப் பொறப்புக்குப் பச்சடி வைக்க வேண்டாமா?" என்றார்.

புரிராம் ரயிலில் மூன்றாம் வகுப்பில் வந்தோம். ஜன்னல் வழியே அனல் காற்று. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் ஏறி, சுட்ட கோழியும் ஒட்டும் அரிசிச் சோறும் விற்றார். மூங்கில் கூடையிலிருந்து சோற்றை எடுத்து, கையாலேயே உருட்டிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்ததும் அத்தைக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது. "நம்மள மாதிரிதான்டி!" என்றார். எதிர் சீட்டுப் பெண் நீட்டிய உருண்டையை வாங்கிப் பொடி தொட்டுச் சாப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கும் பொடி கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் இறங்கும் வரை பேசிக்கொண்டே வந்தார்கள். பாப்பா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

ஏப்ரல் 4-ம் தேதி விடியற்காலை மூவரும் பனோம் ருங் போனோம். வீட்டுக்கார அம்மாவின் மகன் காரில் கூட்டிப் போனார். கல் பாவிய நீண்ட நடைபாதை, அதன் முடிவில் படிகள். பாப்பா பாட்டியின் கையைப் பிடித்து ஏற்றினாள். நான் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நடந்தேன். வாசலுக்கு நேராக ஏற்கெனவே நல்ல கூட்டம்.

இந்தத் தடவை சூரியன் வந்தது. முதலில் கடைசி வாசலில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு பதினைந்து வாசலும் உள்ளே ஒளி நிரம்பியதுபோல் ஆனது. கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சிவ சிவா... இம்புட்டுத் தொலைவுல வந்து உக்காந்திருக்கியேப்பா" என்றார். உள்ளே நந்தியைப் பார்த்ததும் அதன் காதில் ஏதோ சொன்னார். என்ன வேண்டினார் என்று கேட்டதற்கு, "அது எனக்கும் அதுக்கும்" என்று சொல்லிவிட்டார்.

வாசலுக்கு மேலே இருக்கும் பெருமாள் சிற்பத்தின் கதையைப் பாப்பாவுக்குச் சொன்னேன். அந்தக் கல்லை 1960-களில் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் அது அமெரிக்காவில் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்தது. தாய்லாந்து மக்கள் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 1988-ல் அது திரும்பி வந்து பழைய இடத்திலேயே அமர்ந்தது.

பாப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "டென்த் எக்ஸாமப்ப நான் அழுது கேட்டிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் நின்று பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியல பாப்பா. வந்திருப்பேன்னு சொல்லத்தான் ஆசை. அப்ப வட்டி கட்டணும்ங்கிறது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சது. நீ 'சரி'ன்னு சொன்னதும், அப்பாடா, சண்டை போடலன்னு நெனச்சேன். அது என் தப்பு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இறங்கும்போது ஹெட்போனை மாட்டவில்லை.

ஏப்ரல் 13. சோங்க்ரான். முந்தைய டிசம்பரில்தான் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருந்தது. அதனால் ஊரில் கூடுதல் உற்சாகம். காலையில் வீட்டுக்கார அம்மா முற்றத்தில் பாய் விரித்து நாற்காலிகள் போட்டார். ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் வாசனைத் தண்ணீர், அதில் மல்லிகையும் ரோஜா இதழ்களும் மிதந்தன. பெரியவர்களை உட்கார வைத்து, இளையவர்கள் அவர்கள் உள்ளங்கையில் அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர்கள் வாழ்த்துவார்கள். தெருவில் நடக்கும் தண்ணீர் விளையாட்டுக்கு முன்னால் வீட்டில் நடப்பது இது.

அத்தையையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் மண்டியிட்டு அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன். "அத்தை, என் புள்ளைய நீங்கதான்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

"எம் பேத்திய நான் வளக்காம யாரு வளப்பா? தண்ணி சில்லுனு இருக்கு, சீக்கிரம் ஊத்து" என்றார் அத்தை. ஆனால் ஈரக் கையை என் தலையில் வைத்து ஒரு நிமிஷம் எடுக்கவே இல்லை.

பாப்பா பாட்டிக்கு ஊற்றினாள். வீட்டுக்கார அம்மாவுக்கு ஊற்றினாள். கிண்ணத்தோடு எழுந்தவளை அந்த அம்மா தோளைத் தொட்டு நிறுத்தி, என்னைக் காட்டினார். 'மே' என்றார். தாய் மொழியில் அம்மா என்று அர்த்தம். அதைப் பாப்பாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

என் முன்னால் உட்கார்ந்தாள். நான் கையை நீட்டினேன். பாதி ஊற்றிவிட்டு நிறுத்தினாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ம்மா, உன் கை ஏன் இப்படிச் சொரசொரன்னு இருக்கு?"

உன் கை.

"துணி துவைச்சு அப்படி ஆயிடுச்சு பாப்பா."

"இங்கதான் தெருமுனையில மெஷின் இருக்கே. முப்பது பாட் போட்டிருக்கே."

"ஆமா, இருக்கு."

"அப்புறம் ஏம்மா..." என்றவள், கேள்வியை முடிக்காமல் என் கையை அவள் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் இருவரும் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அதற்குள் தெருவிலிருந்து யாரோ ஒரு வாளித் தண்ணீரை அவள் முதுகில் ஊற்றிவிட்டார்கள். 'வீல்' என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். அன்று சாயங்காலம் வரை அவளைப் பிடிக்க முடியவில்லை.

மத்தியானம் கடைத்தெருவில் அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியைப் பார்த்தேன். ஒரு இளம்பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தாள். "க்ரூ!" என்று கூப்பிட்டு அவளை என்னிடம் இழுத்து வந்தாள். "மை மதர்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அட் சோங்க்ரான்" என்று சேர்த்துக்கொண்டாள். நான் கற்றுக்கொடுத்த அந்த 'அட்' அப்படியே இருந்தது. நானும் பாப்பாவைக் காட்டி, "மை டாட்டர். அட் சோங்க்ரான்" என்றேன்.

மறுநாள் எங்கள் சித்திரை ஒன்று. அத்தை மாங்காய், வெல்லம், வேப்பம்பூ போட்டுப் பச்சடி வைத்தார். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். வேப்பம்பூவை அவர் உடனே கண்டுகொண்டார். இங்கேயும் வேம்பு சாப்பிடுகிறார்கள்.

இப்போது பாப்பா கல்லூரிக்குப் போகிறாள். கடன் முழுசாகத் தீரவில்லை. பாதிக்கும் மேல் தீர்ந்திருக்கிறது. நான் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறேன். டியூஷனும் எடுக்கிறேன். ஒரேயடியாக மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் ஒவ்வொரு மே மாதமும் பள்ளி நாட்காட்டி கைக்கு வந்ததும், அதைப் போட்டோ எடுத்து முதலில் பாப்பாவுக்கு அனுப்புகிறேன். அவள் தன் கல்லூரி லீவோடு ஒப்பிட்டு, எந்த நாள்கள் என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாள். அந்த நாள்களை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. துணியும் இப்போது மெஷினில்தான் துவைக்கிறேன். வாரா வாரம் அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அனுப்பாவிட்டால் சண்டை.

"எங்கெங்கே சுத்திப் பார்த்தீங்க?" என்று கேட்பவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். பனோம் ருங் பார்த்தேன். ஒரு தடவை தோழியோடு, சூரியன் இல்லாமல். ஒரு தடவை மகளோடு, சூரியனோடு.